மற்றப் பக்கத்திலிருந்து ஒரு ஆள்

செய்தி வந்தபோது நான் படி கழுவிக்கொண்டிருந்தேன். கால்சாப் பகுதியில் நான் வேலை பார்க்கும் பழைய மாளிகையின் மேல்மாடிப் படிகள் அவை. சட்டைப் பைக்குள் கைப்பேசி அடித்தது. கை ஈரமாக இருந்ததால் எடுக்கவில்லை. நின்று மறுபடியும் அடித்தது. எங்கள் கோவில் சபைத் தலைவர் கனகர்தான்.

"கதிரேசு, எங்கை நிக்கிறாய்?"

"படியில."

"இருந்துகொண்டு கேள்."

ஈரப் படியில் எப்படி இருப்பது? நின்றபடியே கேட்டேன்.

"தலைவி மோசம் போட்டா."

இறந்தது எந்தத் தலைவி என்று நான் கேட்கவில்லை. இத்தாலியின் இந்தப் பலெர்மோ நகரத்தில் எங்கள் இலங்கைத் தமிழ்ச் சனங்களிடம் சங்கங்களுக்குக் குறைவில்லை. தலைவர்களுக்கும் குறைவில்லை. ஆனால் பெயர் சொல்லாமல் தலைவி என்றால் அது திரேசம்மாதான். அவரிடம் பதவி எதுவும் இல்லாமல் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அவர் மன்னாரிலிருந்து வந்த வேதக்காரப் பெண், கத்தோலிக்கர். எங்கள் கோவில் சபையில் ஒரு நாளும் உறுப்பினராக இருந்ததில்லை. அவரைத்தான் எங்கள் சபையின் தலைவர் தலைவி என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு பேச முடியாமல் தொலைபேசியை வைத்தார்.

நான் உடனே இறங்கி ஓடவில்லை. மிச்சப் படிகளையும் கழுவி முடித்துவிட்டுத்தான் போனேன். பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தால், "அண்ணை, ஆக்கள் வழுக்கி விழட்டும் எண்டோ விட்டிட்டு வந்தனீங்கள்?" என்று திரேசம்மா சவப்பெட்டிக்குள் இருந்தே கேட்டிருப்பார்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நானும் ஏதாவது தரவேண்டும் என்று தேவாலயத்து மாதர் சங்கத்தினர் கேட்டார்கள். சொன்னால் யாராவது எழுதிக்கொள்வார்கள் என்றும் சொன்னார்கள். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றேன். நான் எழுத்துக் கற்றது இந்த வயதில்தான். மெதுவாகத்தான் வரும். ஆனாலும் எழுதுவது எனக்குப் பெரிய சந்தோசமாக இருக்கிறது. ஒரு சொல்லை முடித்து அடுத்த சொல்லைத் தொடங்குவதற்குள் அவருடைய முகம் வந்துவிடுகிறது. வேகமாக எழுதுகிறவர்களுக்கு அது கிடைக்குமோ தெரியாது.

அவரை அறிந்தவர்கள்தான் இதை வாசிப்பீர்கள். என்றாலும் இங்கே பிறந்த பிள்ளைகளுக்காக, பதிலாள் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

வீட்டு வேலை செய்யும் ஒருவர் ஊருக்குப் போவதென்றால், திரும்பி வரும்வரை அந்த வீட்டுக்கு இன்னொருவரை விட்டுவிட்டுப் போகவேண்டும். அவர்தான் பதிலாள். அந்தக் காலத்தில் எங்களுக்குப் பதிலாள் என்றாலே பயம். பதிலாளாகப் போனவர் வீட்டை, அதாவது அந்த வேலையை, பிடித்துவிடுவார் என்ற பயம். அப்படிப் பிடித்தவர்களும் இருந்தார்கள். கூடப் பிறந்தவளின் வீட்டையே பிடித்த கதையும் உண்டு.

அதனால் நாங்கள் ஒரு கெட்டித்தனம் செய்துவந்தோம். வேலை தெரியாத ஆளாகப் பார்த்து அனுப்புவோம். சமைக்கத் தெரியாதவர், பாத்திரத்தைக் கைநழுவ விடுபவர், பத்து மணிக்கு எழும்புபவர் என்று தேடித் தேடிப் பிடிப்போம். அப்போதுதான் சிஞ்ஞோரா, அதாவது வீட்டுக்கார அம்மா, எங்களை நினைத்து ஏங்குவார் என்பது கணக்கு. கனகரின் மனைவி ஊருக்குப் போனபோது தன் மச்சானை விட்டுவிட்டுப் போனார். அந்த மனிதர் சிஞ்ஞோராவின் கறுப்புப் பட்டுச் சட்டையை வெளுக்கிற தண்ணீரில் ஊறப் போட்டார். சட்டை நரைத்தது. சிஞ்ஞோரா மச்சானையும் வேண்டாம் என்றார், மச்சாளையும் வேண்டாம் என்றார். "ஒருத்தரும் வீட்டைப் பிடிக்கேல்லை. வீடுதான் போட்டுது" என்று கனகர் பல நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இன்னொன்றும் உண்டு. கோவில் ஆட்களுக்குப் பதிலாள் கோவில் ஆட்களிலிருந்துதான். தேவாலயத்து ஆட்களுக்குத் தேவாலயத்து ஆட்களிலிருந்துதான். ஒரே தெருவில் குடியிருந்தோம், ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போனோம். ஆனால் இந்த விசயத்தில் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் போலவே இருந்தோம்.

இந்த நிலையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை திரேசம்மா எங்கள் கோவில் வாசலுக்கு வந்தார். அப்போது அவர் தேவாலயத்து மாதர் சங்கத்தின் தலைவி. நல்ல சேலை, கையில் பெரிய பை. மைக் பிடித்துப் பேசிப் பழகிய குரல், மைக் இல்லாமலே தெரு முனைவரை கேட்கும். நான் வாசலுக்குப் பக்கத்தில் காய்கறிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன்.

"உங்கட தலைவரைக் கூப்பிடுங்கோ. மாதர் சங்கத் தலைவி வந்திருக்கிறா எண்டு சொல்லுங்கோ."

போய்ச் சொன்னேன். "பூசை முடியட்டும்" என்றார் கனகர். பூசை முடிந்தது. அதன்பிறகும் அவர் சாவகாசமாகத்தான் வெளியே வந்தார். திரேசம்மா தன் திட்டத்தை ஒரே மூச்சில் சொன்னார். கோவில் ஆள் ஊருக்குப் போனால் தேவாலயத்திலிருந்து பதிலாள் போகவேண்டும். தேவாலயத்து ஆள் போனால் கோவிலிலிருந்து போகவேண்டும். போகிறவர் நல்ல வேலைக்காரராக இருக்கவேண்டும்.

"சொந்தத்துக்குள்ளை ஆள் அனுப்பினால், வீட்டைப் பிடிச்சாலும் குடும்பச் சண்டை எண்டு மூடி மறைச்சுப்போடுவினம். மற்றப் பக்கத்து ஆள் பிடிச்சால் ரெண்டு பக்கமும் கேக்கும். தலைவர்மார் நாங்கள் முகம் குடுக்கவேண்டி வரும். அந்த வெக்கத்துக்குப் பயந்தாவது நேர்மையா இருப்பினம்."

"அருமையான யோசினை" என்றார் கனகர். "சபையில வைச்சுப் பாப்பம்."

சபையில் வைப்பார்கள், பார்க்கமாட்டார்கள் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். திரேசம்மாவுக்குத் தெரியாது. சந்தோசமாகப் போனார். அடுத்த வெள்ளி வந்தார். சபை கூடவில்லை என்றார்கள். அதற்கடுத்த வெள்ளியும் வந்து நின்றார். அன்னதானச் சமையலுக்கு நான் பூசணிக்காயைப் பிளந்துகொண்டிருந்தேன். என் அருகே வந்து, வழக்கமான குரலை முதல்முறையாகத் தணித்துக் கேட்டார்.

"அண்ணை, உங்கட தலைவர் என்னைப் பேய்க்காட்டி ஏமாத்துறாரோ?"

"ஓம்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "என்ர சங்கத்தில நான் என்ன கேட்டாலும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். ஆனால் இப்பிடி ஒரு ஓம் நான் கேட்டதில்லை."

"இஞ்சை நிண்டால் கால்தான் நோகும், பிள்ளை. கத்தியை எடுங்கோ."

எடுத்தார். கொழுத்த துண்டங்களாக வெட்டித் தள்ளினார். சமையலுக்கு நின்ற பெண்கள் பார்த்துவிட்டுப் பகிடி பண்ணத் தொடங்கினார்கள்.

"இதென்ன மன்னார் வெட்டோ? இது வேகிறதுக்குள்ள அடுத்த வெள்ளி வந்திடும்."

"நாங்கள் மீன் வெட்டிப் பழகின ஆக்கள், தங்கச்சி. இதுக்கு முள் எந்தப் பக்கம் எண்டு தெரியேல்லை."

கோவில் சமையலறைக்குள் மீன் என்ற சொல் விழுந்ததும் எல்லோரும் உறைந்து போனார்கள். கனகரின் மனைவிதான் முதலில் சிரித்தார். அதன்பிறகு சிரிக்காதவர் இல்லை.

அன்று முதல் திரேசம்மா வெள்ளிக்கிழமைகளில் எங்கள் சமையலறைக்கு வந்தார். பதிலாள் கதையை அவராக எடுக்கவே இல்லை. வெட்டினார், கழுவினார், பகிடி கேட்டார். சில வாரங்கள் போனபின் ஒரு பெண் தானாகவே சொன்னாள்.

"அக்கா, உங்கட யோசினை சரிதான். ஆனால் எங்களுக்குப் பயம். வேதக்காரப் பிள்ளை எங்கட வீட்டுக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமை சிஞ்ஞோராவோட தேவாலயப் பூசைக்குப் போவாள். பக்கத்தில முழங்கால்படியிட்டு நிப்பாள். பிறகு சிஞ்ஞோரா எங்களைத் தேடுவாவோ?"

எந்தச் சபையிலும் எவரும் சொல்லாத காரணம் அது. கனகர்கூடச் சொன்னதில்லை. திரேசம்மா கத்தியைக் கீழே வைத்தார். "நியாயமான பயம்" என்றார். "இது என்ர தலைக்குள்ளை வரவே இல்லை." அந்த இடத்திலேயே அவரும் சமையலறைப் பெண்களும் சேர்ந்து ஒழுங்கு செய்தார்கள். பதிலாள் சிஞ்ஞோராவைப் பூசைக்குக் கூட்டிப் போகலாம். ஆனால் தன் பூசையை வேறு தேவாலயத்தில் பார்க்கவேண்டும். அதோடு முதல் நாள் வாசலில், தன் பெயரைச் சொல்லுமுன் ஒரு வசனம் சொல்லவேண்டும். அதை இத்தாலிய மொழியில் திரேசம்மாதான் கோத்துக் கொடுத்தார்: "சோனோ அல் போஸ்தோ தி சுகந்தி. லெய் தோர்னா." நான் சுகந்தியின் இடத்தில் வந்திருக்கிறேன். அவள் திரும்பி வருவாள். சுகந்தியின் பெயருக்குப் பதிலாக, ஊருக்குப் போகிற யாருடைய பெயரையும் வைத்துக்கொள்ளலாம். தன் பக்கத்து ஆள் ஒருவரும் வீட்டைப் பிடிக்கமாட்டார் என்று கனகரிடம் வாக்கும் கொடுத்தார்.

"மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டால் எல்லாரும் ஓம் எண்டுவினம். பக்கத்தில இருந்து பூசணிக்காய் வெட்டினால்தான் இல்லை எண்டுவினம். எனக்கு அந்த இல்லைதான் வேணும்" என்று பிற்காலத்தில் அவர் அடிக்கடி சொல்வார்.

சுகந்தியின் பெயரை நான் சும்மா எழுதவில்லை. அவள் என் இளைய மகள். பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை செய்கிறாள். தினமும் ரயிலில் போய் வருவாள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் மூத்த மகளுக்கு வயிற்றில் பெரிய ஒப்பரேசன் என்று செய்தி வந்தது. பக்கத்தில் இருந்து பார்க்க வேறு ஆள் இல்லை. சுகந்தி போகவேண்டும். ஆனால் அவளுடைய பெர்மெசோ, அதாவது இங்கே தங்கும் அனுமதி, புதுப்பிக்க வேண்டிய நேரம் அது. வேலை இருந்தால்தான் அனுமதி. வேலை போனால் அவள் ஊருக்குப் போனது போனதுதான். பிள்ளைகளோ இங்கே பள்ளிக்கூடம் போகிறார்கள்.

எங்கள் ஆட்களில் ஒரு சோம்பேறியைப் பார்த்து அனுப்பச் சொல்லிப் பலரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். நான் திரேசம்மாவிடம் போனேன். அவர் ஜெசிந்தாவை அனுப்பினார். மாதர் சங்கத்திலேயே கைராசிக்காரி என்று பெயரெடுத்த பெண். அவளுக்கும் அப்போது வீடு இல்லை. அவள் வேலை பார்த்த வீட்டு வயதான அம்மா இறந்துபோய் வேலை நின்றிருந்தது. புருசனுக்கும் மொண்டெல்லோக் கடற்கரையில் கோடையில் மட்டும்தான் வேலை.

இரண்டு பக்கத்துக்கும் இடையில் முதன்முதலாக ஆள் மாறியது அப்போதுதான். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தன.

பயந்தது நடந்தது. சிஞ்ஞோராவுக்கு ஜெசிந்தாவைப் பிடித்துவிட்டது. நீயே இருந்துவிடு, ஒப்பந்தம் எழுதுவோம் என்றார். ஜெசிந்தா அதை மறைக்காமல் வந்து தன் சங்கத்தில் சொன்னாள். உடனே கூட்டம் கூடியது. திரேசம்மா என்னையும் வரச் சொன்னார். "உங்கட மகளின்ர கதை, அண்ணை. உங்கட முகத்துக்கு முன்னால கதைக்கட்டும்." நான் பின்வரிசையில் போய் இருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு மகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில். அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு மகள், இங்கே இப்படி ஒரு கூட்டம் நடப்பது தெரியாமல்.

திரேசம்மா மேடையில் இருக்கவில்லை. மைக்கை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, பெண்களுக்கு நடுவே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"எங்கட பிள்ளைக்கு ஒரு வீடு தானா வந்திருக்கு" என்றாள் ஒருத்தி. "அதைத் தடுக்கவோ உங்களைத் தலைவியா வைச்சனாங்கள்?"

"நான் தடுக்கேல்லை. ஜெசிந்தாவுக்கும் அடுப்பு எரியவேணும். அவள் இருக்கிறதெண்டால் இருக்கட்டும். நான் போய்க் கனகரிட்ட என்ர வாக்குப் பொய் எண்டு சொல்லுறன். அதை நான்தான் சொல்லவேணும், ஆள் விட்டுச் சொல்ல ஏலாது."

"நீங்கள் எங்கட தலைவியோ, அவையின்ர தலைவியோ?"

நான் அவரைப் பார்த்தேன். பழைய திரேசம்மா என்றால் அந்தக் கேள்விக்கு எழும்பி நின்று அரைமணி நேரம் பேசியிருப்பார். கேட்டவள் வாயடைத்துப் போயிருப்பாள். இவரோ கையிலிருந்த பையின் பிடியைத் திருகிக்கொண்டு யோசித்தார்.

"எனக்குத் தெரியேல்லை" என்றார். "உண்மையாத் தெரியேல்லை. இஞ்சை வாறபோது உங்கட ஆள் மாதிரி இருக்கு. அங்கை போனால் அவையின்ர ஆள் மாதிரி இருக்கு. ஆனால் குடுத்த வாக்கு எங்கை போனாலும் ஒண்டுதானே?"

ஜெசிந்தா மூலையில் இருந்தாள். அவளை ஒருவரும் கேட்கவில்லை. கூட்டம் அப்படியே கலைந்தது. வெளியே வந்தபோது, "அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லலாமே, நீங்கள் சொன்னால் கேப்பாள்" என்று நான் கெஞ்சினேன். "கேப்பாள், அண்ணை. அதுதான் சொல்லேல்லை. நான் சொல்லி அவள் செய்தால் அது என்ர வாக்கு. அவளின்ர வாக்கில்லை" என்றார். அன்று எனக்கு அவர்மேல் கடும் கோபம். வீடுவரைக்கும் அவரோடு பேசாமல் நடந்தேன்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை சமையலறையில் இருந்தோம். ஜெசிந்தா வேலை முடிந்து ரயிலால் இறங்கி நேரே அங்கே வந்தாள். கோவில் பக்கம் அவள் வருவது அதுதான் முதல் தடவை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து திரேசம்மாவுக்கு அருகில் இருந்தாள். ஒரு கத்தியை எடுத்தாள்.

"அக்கா, சிஞ்ஞோரா இண்டைக்கும் கேட்டா."

திரேசம்மா தலையை நிமிர்த்தவில்லை. "நீர் என்ன சொன்னீர்?"

"லெய் தோர்னா."

அவ்வளவுதான். திரேசம்மா பூசணிக்காயை வெட்டிக்கொண்டே இருந்தார். ஆனால் துண்டங்கள் இன்னும் பெரிதாகிக்கொண்டே போனதை நான் கண்டேன். அவருக்குக் கண் தெரியவில்லை, கண்ணீர். கனகரின் மனைவி மெல்ல எழும்பி வெளியே போய்த் தன் புருசனிடம் ஏதோ சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத் தேவாலயத்து ஆட்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். கனகர் பட்டுச் சால்வையோடு தேவாலய வாசலில் வந்து நின்றார். அழைப்பில்லாமல் ஓரிடத்துக்கும் போகாத மனிதர். "மாதர் சங்கத் தலைவியைக் கூப்பிடுங்கோ" என்றார். "பூசை முடியட்டும்" என்றாள் ஒரு பெண். பழைய கதை அவளுக்குத் தெரிந்திருக்கிறது! அவர் நின்றார். பூசை முடிந்து வந்த திரேசம்மாவிடம், தன் மனைவியின் புதிய சிஞ்ஞோராவின் தமக்கைக்கு ஆள் தேவை என்றும், தானே நேரில் போய் ஜெசிந்தாவுக்காகக் கேட்டுவிட்டு வந்ததாகவும் சொன்னார். கனகர் தன் வாழ்நாளில் வேதக்காரப் பிள்ளைக்காக ஒரு வீட்டுக் கதவைத் தட்டியது அன்றுதான். இத்தனை வருடம் சபைத் தலைவராக இருந்தவர் அன்றுதான் தலைவரானார் என்று நான் நினைக்கிறேன். இதை அவரும் வாசிப்பார். வாசிக்கட்டும்.

சுகந்தி வந்தாள். வேலை இருந்தது, அனுமதியும் கிடைத்தது. மூத்தவளும் பிழைத்தாள்.

ஆனால் மாதர் சங்கத்தில் அடுத்த தெரிவு நடந்தபோது திரேசம்மாவுக்குப் பதவி போய்விட்டது. வெளியாருக்குப் பரிந்து பேசுகிறவர் என்று பலர் கை தூக்கவில்லை. இன்று அவர்களே அவருக்கு மலர் வெளியிடுகிறார்கள், அதனால் இதை எழுத எனக்குத் தயக்கமில்லை. அந்த வெள்ளிக்கிழமை அவர் வழமைபோல வந்து கத்தியை எடுத்தார்.

"கதிரை போட்டுது, அண்ணை."

"கவலையோ?"

"கவலைதான். பொய் சொல்லக் கூடாது. ஆனால் இவ்வளவு நாளும் கதைச்சது நானோ, கதிரையோ எண்டு இனித்தான் தெரியவரும்."

நாங்களும் கண்டோம். பதவி போன பிறகுதான் சனம் அவரைத் தேடி வந்தது. தேவாலயத்திலிருந்து வந்தார்கள், கோவிலிலிருந்து வந்தார்கள், விளையாட்டுக் கழகத்துப் பொடியள் வந்தார்கள். ஒரு தரம் எங்கள் தெருவில் இருக்கும் கானா நாட்டுப் பெண்கள் இரண்டு பேர், உங்கள் பதிலாள் ஒழுங்கு எங்களுக்கும் சரிவருமா என்று விசாரித்து வந்தார்கள். அவர்களோடும் உட்கார்ந்து ஏதோ இடித்தார், ஏதோ வெட்டினார். எங்கே போனாலும் முதலில் கைக்கு ஒரு வேலை கேட்பார். பேச்சு பிறகுதான்.

நான் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். படி கழுவும் வேலையில் யோசிக்க நேரம் உண்டு. தன் சங்கத்துக்குள் ஒருவர் பெரிய ஆளாக இருப்பது லேசு. அங்கே நம்மைத் தெரிந்தவர்கள், நமக்குக் கடமைப்பட்டவர்கள், நம்மை எதிர்க்க வெட்கப்படுகிறவர்கள்தான் இருப்பார்கள். மற்றவர்களின் இடத்தில் அந்த மரியாதை எதுவும் நம்மோடு வராது. அங்கே நம்மிடம் மிஞ்சுவது நம்முடைய குணம் மட்டும்தான். திரேசம்மா தன் குணத்தை எங்கள் சமையலறையில் கண்டுபிடித்தார் என்று சொல்வேன். தன் சங்கத்து மேடையிலேயே இருந்திருந்தால் கடைசிவரை நல்ல குரல் உள்ள ஒரு தலைவியாக இருந்துவிட்டுப் போயிருப்பார்.

அவரிடம் குறை இல்லையா என்றால், இருந்தது. பஸ்ஸில் தொலைபேசியில் பேசினால் கடைசி இருக்கை வரைக்கும் கேட்கும். என் தேத்தண்ணீரில் எப்போதும் குற்றம் பிடிப்பார். பாட்டு வரவே வராது, ஆனால் பாடுவார். சொன்னால் கோபம் வரும்.

எனக்குக் கண்ணில் ஒப்பரேசன் நடந்தபோது படிகளுக்குப் பதிலாள் தேவைப்பட்டது. தேவாலயத்துப் பக்கத்திலிருந்து யாரை அனுப்புவார் என்று பார்த்தால், அவரே வாளியோடு போயிருக்கிறார். மொண்டெல்லோவில் தன் சிஞ்ஞோராவின் வீட்டு வேலையை முடித்துவிட்டு, பஸ் ஏறி வந்து என் படிகளைக் கழுவியிருக்கிறார். அங்கே குடியிருக்கும் ஒரு கிழவர், "நீ அவனுடைய மனைவியா?" என்று கேட்டாராம்.

"என்ன சொன்னீங்கள்?" என்றேன்.

"அந்த மனுசனுக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை எண்டு சொன்னனான்."

கண் தெளிந்ததும் அவர் என்னை விடவில்லை. யாராவது எதையாவது வாசிக்கத் தந்தால், கண் சரியில்லை என்று சொல்லியே இத்தனை வருடத்தையும் கடத்தியிருந்தேன். அது அவருக்கு எப்போதோ விளங்கியிருக்கிறது. "இனி என்ன சாட்டுச் சொல்லப்போறீங்கள்?" என்றார். எங்கள் கோவில் பள்ளிக்கூடத்தில் போய் இருக்க எனக்கு வெட்கம், எல்லோரும் தெரிந்தவர்கள் என்றேன். "அப்ப எங்கட பக்கம் வாங்கோ. அங்கை உங்களை ஆருக்குத் தெரியும்?" என்றார். தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள அறையில் நான் அ எழுதினேன். பதிலாளுக்குச் சரிவந்த வழி எனக்கும் சரிவந்தது.

இனி கடைசி விசயம்.

அடக்கம் முடிந்த மறுநாள் மாதர் சங்கத்தின் இப்போதைய தலைவி கனகரோடு பேசினார். திரேசம்மா பார்த்த மொண்டெல்லோ சிஞ்ஞோரா தொண்ணூறு தாண்டியவர். காலையில் கட்டிலால் எழும்ப ஒரு கை வேண்டும். ஒழுங்கின்படி கோவில் பக்கத்திலிருந்து ஆள் வரவேண்டும். சுகந்தி தான் போகிறேன் என்றாள். அப்படியென்றால் பகேரியாவுக்கு யார்? ஜெசிந்தா போனாள். அவளைக் கண்டதும் அந்தச் சிஞ்ஞோரா கையைத் தட்டி வரவேற்றாராம். இவளோ வாசலில் நின்றே சிரித்துக்கொண்டு சொன்னாளாம்: "லெய் தோர்னா, சிஞ்ஞோரா, லெய் தோர்னா."

சுகந்திக்கு மொண்டெல்லோவில் வீடு தெரியாது என்று நானும் பஸ்ஸில் கூடப் போனேன். காலை நேரம், கடற்கரையில் கதிரைகளை விரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டு மணியை அடித்தோம். கதவைத் திறந்தது சிஞ்ஞோராவின் மகன். உள்ளே ஜன்னலோரம் அந்தம்மா போர்வையோடு இருந்தார். சுகந்தி அவர் முன்னால் போய் நின்று வழமையான வசனத்தைத் தொடங்கினாள்.

"சோனோ அல் போஸ்தோ தி தெரேசா."

அதற்குமேல் அவளுக்கு வரவில்லை. இத்தனை வருடம் எல்லோரும் சொல்லிச் சொல்லிப் பழகிய வசனம் பாதியில் நின்றது. அந்தம்மாவுக்கு அந்த வசனம் தெரியும். திரேசம்மா மன்னாருக்குப் போகும்போதெல்லாம் எங்கள் பெண்கள் வந்து அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவர் மிச்சத்துக்காகக் காத்திருந்தார். பிறகு தானே கேட்டார்.

"லெய் தோர்னா?"

மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் அவளுக்கு எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் முழங்காலில் நின்று அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவருடைய மொழியில் சொன்னாள்: "இல்லை, சிஞ்ஞோரா. இனி நாங்கள் வருவோம்."

அந்தம்மா கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். பிறகு எழும்புவதற்காக மற்றக் கையையும் நீட்டினார்.

திரேசம்மா, அந்த வசனத்தின் இரண்டாம் பாதியை உங்களோடு அனுப்பிவிட்டோம். முதல் பாதி என்னிடம் இருக்கிறது. யாருடைய வாசலுக்குப் போனாலும் என் பெயரைச் சொல்லுமுன், யாருடைய இடத்தில் வந்து நிற்கிறேன் என்று சொல்வேன். வெள்ளிக்கிழமைகளில் உங்கள் கத்தியும் இப்போது என் கையில்தான். துண்டங்கள் பெரிதாக இருக்கின்றன என்று கனகர் முறையிடுகிறார். வேகட்டும், நேரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.